எட்டாம் பாடவேளை: எங்கள் பள்ளித் தாளாளருக்கும் ஆட்சிக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும் ஆட்சிக் குழுவினருக்கும்,

ஜூன் மூன்றாம் வாரம் என் மகள் டைரியில் ஒட்டிக்கொண்டு வந்த சுற்றறிக்கை மொத்தம் நான்கு வரி. வெள்ளிக்கிழமை எட்டாம் பாடவேளையில் நடந்துவந்த மன்றக் கூட்டங்கள் அனைத்தும் இக்கல்வியாண்டு முதல் நிறுத்தப்படுகின்றன. அந்த நேரம் தேர்ச்சி மேம்பாட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தப்படும். மன்றப் பணிகளில் விருப்பமுள்ள மாணவர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் பொறுப்பாசிரியர் ஒப்புதலோடு நடத்திக்கொள்ளலாம். பெற்றோர் ஒத்துழைப்பு நல்க வேண்டும். அதன் கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாக எழுதுவதுதான் இந்த மடல்.

நேரில் சொல்லிப் பார்க்காமல் எழுத வரவில்லை. இரண்டு முறை பள்ளிக்கு வந்தேன். முதல் முறை நீங்கள் திருச்சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். இரண்டாம் முறை தலைமையாசிரியர், "மேலிடத்து முடிவும்மா, என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்கலாம் என்று காத்திருந்தேன். பொருள் நிரலின் கடைசியில் 'இதர' என்று ஒன்று இருக்குமே, அதில் என் கேள்வியைச் சேர்த்தார்கள். அது வருவதற்குள் டீ வந்துவிட்டது. டீ வந்தால் கூட்டம் முடிந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

பள்ளியின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு லுத்தரன் உயர்நிலைப் பள்ளி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளைகள் நாளைக்கும் அதே சீருடையைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் போக வேண்டும்.

நான் அதே பள்ளியில் ஆறிலிருந்து பத்துவரை படித்தவள். பத்தாவது முடித்தது 1996ல். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, அடுத்த தெருவில் கன்னடம். தமிழ் எனக்குப் பள்ளிக்கூடத்து பாஷை. ஆறாம் வகுப்பில் எனக்கு ழகரம் வராது. வாழைப்பழம் என்று படிக்கச் சொன்னால் 'வாளப்பளம்' என்பேன், வகுப்பே சிரிக்கும். தமிழய்யா என்ன செய்தார் தெரியுமா? இலக்கிய மன்றத்தில் எனக்கு நன்றியுரை கொடுத்தார். 'விழா' என்று வருகிற இடத்தில் 'கூட்டம்' என்று போட்டுக்கொள், 'மகிழ்ச்சி'க்கு 'சந்தோஷம்' போட்டுக்கொள் என்று ழகரம் இல்லாத ஒரு நன்றியுரையை அவரே எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் அப்படியே சொன்னேன். மூன்றாவது வாரம் எனக்கே ரோஷம் வந்து 'மகிழ்ச்சி' என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் வழுக்கியது. யாரும் சிரிக்கவில்லை. ஐந்து வருடப் படிப்பில் எனக்குத் தமிழ் வாயில் வந்த நாள் எது என்று கேட்டால் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன். அது எந்தத் தேர்விலும் வராது.

ஒன்பதாவது படிக்கும்போது அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாள் பேச்சுப் போட்டிக்கு ஐயா எனக்குக் கொடுத்த தலைப்பு 'லூத்தரும் பள்ளிக்கூடங்களும்'. வேடியப்பன் சாமிக்குச் சேவல் அறுக்கிற வீட்டுப் பெண்ணுக்கு இந்தத் தலைப்பா என்று இன்னொரு ஆசிரியர் கேட்டார். "அவதான் சார் மனப்பாடம் பண்ணாம பேசுவா" என்று ஐயா சொன்னது என் காதில் விழுந்தது. அன்று நான் பேசியதை இன்று உங்களிடமே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1524ல், உங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தர் ஜெர்மன் நாட்டு நகர மன்றத்தார் எல்லாருக்கும் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு மடல் எழுதி அச்சிட்டு வெளியிட்டார். அதுவும் திறந்த மடல்தான் ஐயா. துப்பாக்கிக்கும் சாலைக்கும் பாலத்துக்கும் அணைக்கும் வருடாவருடம் இவ்வளவு செலவழிக்கிறீர்களே, ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஒன்றிரண்டு ஆட்களை வைக்க உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்று அதில் கேட்டார். எனக்குப் பிள்ளைகள் இருந்தால் மொழியும் வரலாறும் மட்டும் படிக்க விடமாட்டேன், பாட்டும் வாத்தியமும் கணக்கும் சேர்த்தே படிக்க வைப்பேன் என்றும் எழுதினார். (அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. மறுவருடம்தான் ஆனது. போட்டியில் இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த போதகர் ஐயா வாய்விட்டுச் சிரித்தார்.) அந்த மடலுக்கு 500 ஆண்டு நிறைந்தது 2024ல். அடுத்த வருடமே பாட்டையும் வாத்தியத்தையும் அட்டவணையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

மன்றத்தில் பேசிப் பழகிய வாய் எனக்கு எதற்கு உதவியது என்று நீங்கள் கேட்கலாம். நான் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவள். 2025 பருவத்தில் பெங்களூரா ரக மாங்காய் விலை தரைக்கு வந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாமல் தோப்பிலேயே காய் அழுகியபோது, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் என்னைத்தான் எழுப்பிவிட்டார்கள். மாவட்ட அதிகாரிகள் முன்னால் பத்து நிமிடம் பேசினேன். விலை ஏறிவிடவில்லை. ஆனால் எங்கள் கிராமத்தின் கணக்கு அந்தக் கோப்பில் ஏறியது. எழுந்து நின்றதும் கால் நடுங்கியபோது நான் நினைத்துக்கொண்டது அந்த ழகரம் இல்லாத நன்றியுரையைத்தான்.

என்னைப் பற்றிப் போதும். சுற்றறிக்கையின் மூன்றாவது வரிக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வரிதான்.

பள்ளி நேரத்துக்குப் பின் நடத்திக்கொள்ளலாமாம். பள்ளி விடுவது 4.10க்கு. எங்கள் பக்கம் போகிற அரசு டவுன் பஸ் 4.40க்கு. அடுத்தது ஏழு மணிக்கு. நடுவில் ஒரு தனியார் பஸ் வரும், அதில் இலவச பாஸ் செல்லாது, டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளை நிறுத்தத்திலிருந்து மாந்தோப்பு ஓரமாக ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். மண் ரோடு. விளக்கு இருக்கிறது, எரியாது. பையன்கள் எப்படியோ யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண்பிள்ளையை அந்த இருட்டில் எந்தத் தாய் அனுப்புவாள்? நான் அனுப்ப மாட்டேன். 'விருப்பமுள்ளவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஜூலை மாதமே தெரிந்துவிட்டது. டவுனில் வீடு இருந்து, கூட்டிப்போக அப்பாவிடம் பைக்கும் இருக்கிற ஏழெட்டுப் பேர் ஒரு வாரம் தங்கிப் பார்த்தார்கள். மறுவாரம் அவர்களும் தங்கவில்லை. பொறுப்பாசிரியருக்கும் அதே 4.40 பஸ்தான்.

மன்றம் அட்டவணைக்குள் இருந்ததால்தான் எங்கள் பெண்கள் அதில் இருந்தார்கள். அட்டவணையை விட்டு வெளியே வைத்தால் பெண்களையும் கிராமத்துப் பிள்ளைகளையும் வெளியே வைத்ததாகத்தான் ஆகும். நீங்கள் அப்படி நினைத்துச் செய்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் நடந்திருப்பது அதுதான். உங்கள் அறையில் நாற்காலிக்குப் பின்னால் சீகன்பால்கு படம் மாட்டியிருக்கிறது. 1706ல் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கிய லுத்தரன் மிஷனரி அவர், மறுவருடமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் பள்ளிதான். அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து இந்த வரியில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

எதை நிறுத்தினீர்கள் என்று ஒருமுறை பாருங்கள் ஐயா. பட்டியல் போடப் போவதில்லை, நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

தொன்மை மன்றத்தை நடத்தியவர் சமூக அறிவியல் ஆசிரியை. போன வருடம் அவர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்: உங்கள் ஊரில் பழைய கல் எது இருந்தாலும் படம் வரைந்துகொண்டு வாருங்கள். என் மகள் வரைந்துகொண்டு போனது எங்கள் ஏரிக்கரை வேடியப்பன் சாமியை. மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி அங்கே ஓட்டிக்கொண்டு போய்ச் சுற்றிவரச் செய்வோம். மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறிக் கருத்துப்போன கல். சாமிக்கு முகம் இருக்கிறதா என்றுகூட நான் பார்த்ததில்லை. ஆசிரியை படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை ஆறு பிள்ளைகளோடு ஊருக்கே வந்துவிட்டார். பூசாரியிடம் அனுமதி கேட்டு, தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தார்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு போர்வையைக் கூடாரம் மாதிரி பிடித்து நிழல் பண்ணி, டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்து அடித்தார் ஆசிரியை. அப்போது எழும்பியது பாருங்கள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், இடுப்புக் கச்சையின் மடிப்புகூடத் தெரிந்தது. காலடியில் இரண்டு மாடு. தலைக்கு மேலே வட்டம் வட்டமாக எழுத்து. வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து என்றார். நம் பக்கத்து நடுகற்களில், அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்களில், அந்த எழுத்துதான் நிறைய வரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. விவரம் தெரிந்தவர்களுக்குப் படம் அனுப்பிக் கேட்டதில் இரண்டு சொல் தேறியது. 'தொறு', 'பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான்.

என் மாமியாருக்கு எழுபது வயது. கல்லின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அப்போ இவரு மாடு மீட்கப் போயி செத்தவரா? அதனாலதான் மாட்டை இங்க கூட்டியாந்து காட்டுறோமா?"

எழுபது வருடம் கும்பிட்ட சாமி யாரென்று அந்தக் கிழவிக்குச் சொன்னது ஒன்பதாம் வகுப்புக்குப் போகப்போகிற ஒரு பெண். அவள் சமூக அறிவியலில் அரையாண்டுக்கு எடுத்தது 52 மதிப்பெண். உங்கள் பயிற்சி வகுப்பின் கணக்குப்படி அவள் 'மெல்லக் கற்பவர்'.

அந்த மன்றத்தின் இந்த வருடத் திட்டமும் எனக்குத் தெரியும், நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். மல்லசந்திரத்தில் இருக்கிற கல்திட்டைகளை, அதாவது பழங்காலக் கல்லறைகளைப் பார்ப்பது. மயிலாடும்பாறைக்குப் போவது. அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 அளவுக்குப் பழையது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தபோது நாடே நம் மாவட்டத்தைத் திரும்பிப் பார்த்தது, நம் பிள்ளைகள் இன்னும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவதாக, 1895ல் கிருஷ்ணகிரிக்கு வந்து 1904ல் இங்கேயே பிளேக் நோயில் இறந்த லுத்தரன் மிஷனரி தியோடர் நேத்தரைப் பற்றிப் பழைய சபைக் குடும்பங்களிடம் கேட்டு எழுதுவது. உங்கள் சபையின் கதையை எழுதக் கிளம்பிய பிள்ளைகளைத்தான் உட்காரவைத்து ஒரு மதிப்பெண் வினா எழுத வைத்திருக்கிறீர்கள்.

அறிவியல் மன்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி என்றால் காவிப் பல் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். காரணம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு என்ற உப்பு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்தது. வந்தும் பத்து வயதுப் பிள்ளைகளின் பல்லில் ஏன் இன்னும் கறை இருக்கிறது என்பதுதான் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட ஆய்வு. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பிடித்து, சோதனைப் பெட்டியில் இருந்த மருந்தைச் சொட்டுவிட்டு, இளஞ்சிவப்பு எவ்வளவு மஞ்சளாகிறது என்று வண்ண அட்டையோடு ஒப்பிட்டு எழுதினார்கள். கண்டுபிடித்தது எளிய சங்கதி. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, வராத நாளில் எல்லாரும் பழைய கைப்பம்புக்கே போகிறார்கள். சமைக்கவும் அதே தண்ணீர்தான்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைப் படித்துக் காட்டியவள் எட்டாம் வகுப்புப் பெண். அவளுக்கே முன்பல் இரண்டும் காவி. பேசும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்கிற பழக்கம். அன்றைக்கு ஒரு கையில் தாள், இன்னொரு கையில் மைக். மறைக்கக் கையில்லை. முதல் இரண்டு வரிக்கு உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டே படித்தாள். மூன்றாவது வரியில், "எங்க தெரு கைப்பம்புத் தண்ணியக் குடிச்சா இப்படித்தான் ஆகும்" என்று தாளில் இல்லாததைச் சொல்லிப் பல்லைக் காட்டினாள். ஒரு வாரத்தில் அந்தக் கைப்பம்பில் 'குடிக்க உகந்ததல்ல' என்று சிவப்பு பெயிண்டில் எழுதினார்கள். இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அந்தப் பெண் இப்போது வெள்ளிக்கிழமை எட்டாம் பாடவேளையில் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். "சார் போர்டுல எழுதுவாரு ஆன்ட்டி, நாங்க பாத்து எழுதுவோம்" என்றாள்.

சாரணர் படையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். ஜூன் முதல் வாரம் வாங்கிய கட்டணத்துக்கு நீங்கள் கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது. அதில் சாரணர், ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்), இலக்கிய மன்றம் என்று மூன்று வரி தனித்தனியாக இருக்கிறது. பணம் வாங்கியது முதல் வாரம், சுற்றறிக்கை வந்தது மூன்றாம் வாரம். கணக்கு எழுதுகிறவள் என்பதால் இது என் கண்ணை உறுத்துகிறது. வேண்டுமென்று செய்தது என்று சொல்லவில்லை. ஆனால் வராத சரக்குக்கு வாங்கிய பணத்தை மண்டியில்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் தரப்புக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் போன முறை இறங்கியது. கல்வி அலுவலகத்தில் கேட்டார்கள். பக்கத்தில் இருக்கிற மெட்ரிக் பள்ளிகள் பேனர் கட்டின. ஆறாம் வகுப்புச் சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடத்துக்கே ஆபத்து. ஓய்வுபெற்றுப் போனவர்களின் இடங்கள் சில இன்னும் நிரப்பப்படவில்லை, இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு ஆள் வேலை பார்க்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் இருப்பது லேசல்ல என்பதும் தெரியும்.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். விடுமுறை, தேர்வு எல்லாம் போக வருடத்துக்கு முப்பது வெள்ளிக்கிழமை தேறினால் அதிகம். மொத்தம் இருபது மணி நேரம். ஐந்து பாடத்துக்குப் பங்கு வைத்தால் பாடத்துக்கு நான்கு மணி. வருடம் முழுக்கச் சேர்த்து நான்கு மணி! அதுவும் வாரத்தின் கடைசி நாள், கடைசி மணி. பிள்ளைகளுக்கு மனசு பஸ் ஸ்டாண்டில் இருக்கும் நேரம். இந்த நான்கு மணிக்காகத் தோற்க இருந்த பிள்ளை தேறிவிடும் என்று உங்கள் கணக்காசிரியர் ஒருவரையாவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லச் சொல்லுங்கள், நான் அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.

தேறுவது இருக்கட்டும், வராமலே போகிற பிள்ளைகள் கணக்கில் வருகிறார்களா? என் மகள் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா பாரதக் கூத்தில் துரியோதனன் கட்டுகிறவர், எங்கள் பக்கம் அவர் பெயர் சொன்னால் தெரியாதவர் கிடையாது. பையனுக்குக் கணக்கு வராது, ஆங்கிலம் வராது. ஆனால் பெஞ்சில் தட்டினாலே தாளம் பேசும். நாடக மன்றத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா நுழைகிற இடத்துக்குக் கூத்து அடவு போட்டுக் கொடுத்தவன் அவன்தான். 'சபையில் இதெல்லாம் ஆடலாமா' என்று முதலில் முணுமுணுத்தவர்கள் முடிந்ததும் கைதட்டினார்கள், நீங்களும் தட்டினீர்கள், நான் உங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் ஜூலையிலிருந்து வெள்ளிக்கிழமை வருவதில்லை. ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டில் பெட்டி ஏற்றப் போகிறான். முந்நூறு ரூபாய் கிடைக்கிறதாம். ஆகஸ்டில் வியாழனும் வரவில்லை. மண்டிக்கு வந்தபோது நானே கேட்டேன், "ஏம்ப்பா, பள்ளிக்கூடம்?" "வெள்ளிக்கிழமைதான்க்கா நல்லா இருக்கும், அதுவும் இல்லன்னா எதுக்கு" என்றான். அவனைச் சேர்த்து ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பில் எத்தனை பேர் இல்லை என்று என் மகள் எண்ணிச் சொன்னாள். 43 பேரில் 14. தேர்ச்சி விகிதத்தை ஏற்றுவதற்காக எடுத்த முடிவு ஐயா இது.

நான் கேட்பது இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை எட்டாம் பாடவேளையை ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை முழுமையாக மன்றங்களுக்கே திருப்பித் தர வேண்டும். பத்தாம் வகுப்புக்கு டிசம்பர் வரையாவது கொடுங்கள், அதற்குப் பின் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டோம். எதுவானாலும் அது 4.10க்குள் முடிய வேண்டும். பள்ளி நேரத்துக்குப் பின் என்ற வரியை எழுத்தில் நீக்கி மறு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

சாரணர், ஜே.ஆர்.சி., இலக்கிய மன்றக் கட்டணம் என்ன ஆயிற்று என்று அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கணக்கு வைக்க வேண்டும். 'இதர'வில் வேண்டாம், முதல் பொருளாக.

ஆசிரியர் பற்றாக்குறை உண்மை என்பதால் முன்னாள் மாணவர்கள் பொறுப்பில் பாதியை ஏற்கத் தயாராக இருக்கிறோம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது வாங்கிய சாரணர் இருக்கிறார், பாடகர் குழுவில் கீர்த்தனை பாடிப் பழகி இன்று இசை ஆசிரியராக இருப்பவர் இருக்கிறார், அந்தத் துரியோதனனும் வரத் தயார் என்கிறார். வெளியாட்களைப் பிள்ளைகளோடு தனியே விடக்கூடாது, அது சரிதான். ஒவ்வொரு மன்றத்திலும் ஓர் ஆசிரியர் உடன் இருக்கட்டும், வேலையை நாங்கள் செய்கிறோம். யார் யார் வருகிறோம் என்ற பட்டியலை முகவரியோடு ஒரே வாரத்தில் தருகிறோம்.

வராமல் நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்கு வகுப்பாசிரியரை ஒருமுறை அனுப்புங்கள். அந்தப் பையன் வீட்டுக்கு முதலில். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் இருப்பான்.

முதல் மாடியில் மன்ற அறையைப் பூட்டி, உள்ளே ஸ்மார்ட் போர்டு வந்த அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால்தான் ஆர்மோனியம் இருக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், துருத்தித் தோலை எலி கடித்திருக்கிறது. தோல் மாற்றிக் கொடுக்கிற ஆளிடம் பேசிவிட்டேன், செலவும் எங்களுடையது. அறைச் சாவியை மட்டும் வரும் திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவி, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் தாய்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.